தண்ணீர் கேட்டு வந்தவள்

தெற்கு ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி
1956 செப்டம்பர் 22

தம்பி நுடாராக்குக்கு, அக்கா இவாலு இவ்வளவு தூரத்திலிருந்து கை குலுக்கி எழுதுவது.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீயும் மௌயாக்கும் அவள் வயிற்றில் இருப்பதும் நலமா? நாய்கள் நலமா?

கரைக்கு வந்த டாக்டர் கப்பலில் ஏறி நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டு உடனே இறங்கிவிடலாம் என்றுதானே போனேன். படம் எடுத்ததும் என் புறங்கையில் மையால் ஒரு குறி போட்டார்கள். "நீங்க இறங்க வேணாம்" என்றார்கள். அடுப்பில் கறி வெந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். அது யார் காதிலும் ஏறவில்லை. கரையில் நீ கையை ஆட்டியது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நீ ஒரு கல் அளவுக்கு ஆனாய், பிறகு கல்லும் இல்லை. அந்தக் கறியை யார் சாப்பிட்டீர்கள்?

இங்கே ஒரு டாக்டர் இருக்கிறார். நல்ல உயரம், பெரிய காது. என்னிடம் எதுவும் கேட்பதில்லை, படத்தைத்தான் கேட்கிறார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நிற்கிறார். பக்கத்துப் படுக்கையில் கூனூக் என்று ஒருத்தி. நம் ஆள்தான், வேறு வளைகுடா. மூன்று வருஷமாக இங்கே கிடப்பதால் அவர்கள் பேச்சு தெரியும். அவள் சொன்னாள்: "உன் நெஞ்சுல கடற்காக்கா முட்ட அளவுக்கு ஒரு ஓட்ட இருக்காம்."

"என் நெஞ்சுல இருந்தா எனக்குத் தெரியாதா? அது என்ன, அவரு நெஞ்சா?" என்றேன். கூனூக் அதை டாக்டருக்குச் சொல்லவில்லை. சிரித்தாள், சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

அடுத்த கோடையில் கப்பல் வடக்கே கிளம்பும்போது படம் சுத்தமாக இருந்தால் என்னை அதில் ஏற்றிவிடுவார்களாம். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம். கூனூக்கை விட்டுவிட்டு மூன்று கப்பல் போய்விட்டது. எனக்கு ஒன்று கூடப் போகக் கூடாது. அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஜன்னலுக்கு வெளியே மரம் இருக்கிறது. காற்றே இல்லாத நாளிலும் இலையைக் கீழே போடுகிறது. அதற்கும் என் காசநோய்தான் என்று நினைத்தேன். இல்லையாம்.

என் நீலக் கோப்பையைப் பத்திரமாக வை. உன் முரட்டுக் கையால் தொடாதே.

மறுபடியும் உன் கையைக் குலுக்குகிறேன். மௌயாக்கின் கையை மெதுவாக.
இவாலு


சிவப்புப் பாறை முகாம்
1956 நவம்பர் 30

அக்கா, கடைக்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தபோது கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் வாங்கினேன். அதுவே உன் கை குலுக்கியது போல. நாங்கள் எல்லோரும் சுகம். நீ இருமுவது குறைந்ததா?

கறியை நான்தான் சாப்பிட்டேன். உப்பு போதவில்லை.

கடல் உறைந்துவிட்டது. நேற்று முதல் தடவையாக அதன்மேல் நடந்தேன். உன் டாக்டர் எங்கள் ஊரில் பிழைக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பனியைப் படம் பிடித்து, ஜன்னலில் வைத்துப் பார்த்து, "நடக்கலாம்" என்று சொல்வார், தொப்பை வரைக்கும் உள்ளே போவார். எனக்கு ஈட்டி போதும். ஓங்கி ஒரு குத்து. முதல் குத்திலேயே தண்ணீர் வந்தால் திரும்பி ஓட வேண்டும். இரண்டாவதில் வந்தால் நின்று யோசிக்க வேண்டும். மூன்று குத்துக்கும் வராவிட்டால் நாய்களை அழைக்கலாம். உன் புருஷன் போன வருஷம் குத்தாமல் போனான். நாய்கள் மட்டும் வாரோடு திரும்பி வந்ததைப் பார்த்துத்தானே நமக்கு விஷயம் தெரிந்தது.

மௌயாக் வயிறு பெருத்துவிட்டது. அவள் எழுந்திருக்கும்போது எந்தக் கையை ஊன்றுகிறாள் என்று பார்த்துவிட்டுப் பெண் என்கிறார்கள் பெண்கள். பெயர்தான் தெரியவில்லை. இந்த வருஷம் நம் முகாமில் யாரும் சாகவில்லை, அதனால் காலியான பெயர் ஒன்றும் இல்லை. இருக்கிறவர் பெயரை வைக்க முடியுமா? இறந்த யாராவது மௌயாக்கின் கனவில் வந்து தண்ணீர் கேட்டால்தான் உண்டு. தினமும் விழித்ததும் அவளைக் கேட்கிறேன். "உங்க நாய்தான் வந்துச்சு, மீன் கேட்டுச்சு" என்கிறாள்.

உன் நீலக் கோப்பை பத்திரம். யாரும் தொடவில்லை.

கையைக் குலுக்குகிறேன். விடாமல் பிடித்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்.
நுடாராக்


ஆஸ்பத்திரி
1957 ஜனவரி 15

தம்பிக்குக் கை குலுக்கும் அக்கா எழுதுவது. மூன்று பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

டாக்டர் நேற்று என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். இதுவரை உட்கார்ந்ததில்லை. ஓட்டை சின்னதாகவில்லையாம். நெஞ்சைத் திறந்து ஓட்டை இருக்கிற பாகத்தை வெட்டி எடுத்துவிட்டால் கோடைக் கப்பலுக்கு வழி இருக்கிறதாம். இல்லையென்றால் கப்பலை மறந்துவிட வேண்டியதுதான்.

"எனக்கு இப்போ நல்லாத்தானே இருக்கு? பசிக்குது, தூங்குறேன். அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கூனூக்கைக் கேட்கச் சொன்னேன்.

அவர் ஏதோ சொன்னார். கூனூக் சொன்னாள்: "நீ சொல்றதையும் அவரு நம்புறாராம். படத்தையும் நம்புறாராம். ரெண்டும் சண்ட போட்டா படத்துப் பக்கம்தான் நிப்பாராம்."

இரவு முழுக்க யோசித்தேன். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது, ஆனால் கட்டில்களைப் பார்க்கத் தெரியும். நான் வந்த பிறகு நான்கு பேர் வெட்டிக்கொண்டார்கள். மூன்று பேர் இப்போது நடைபாதையில் நடக்கிறார்கள். ஒருத்தி கட்டிலில் துணியை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போட்டார்கள். வேண்டாம் என்ற இரண்டு பேர் இருமிக்கொண்டே இருக்கிறார்கள். நீயாக இருந்தால் என்ன செய்வாய்? குத்திப் பார்ப்பாய். அதனால் சரி என்று தாளில் என் குறியைப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி ஆறாம் தேதி காலையில். இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்குள் அது முடிந்திருக்கும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கையைக் குலுக்குகிறேன். குழந்தை பிறந்திருந்தால் அதன் சுண்டுவிரலையும்.
இவாலு


சிவப்புப் பாறை முகாம்
1957 மார்ச் 2

அக்காவுக்கு, இது உன் கைக்கு வந்தால்.

பிப்ரவரி இருபதாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. மௌயாக் நலம். காற்று அதிகம். வேட்டையில் இரண்டு சீல் கிடைத்தது. விமானி கடிதம் இருக்கிறதா என்று கேட்டார், அதனால் எழுதினேன்.

நுடாராக்


ஆஸ்பத்திரி
1957 ஏப்ரல் 4

தம்பி, உன் கையைக் குலுக்க வருகிறேன், நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாய். என்ன ஆயிற்று உனக்கு?

நான் உயிரோடு இருக்கிறேன். நீ கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். முதுகில் ஒரு நீளத் தையல். இடது பக்கம் படுக்க முடியாது. நேற்று ஜன்னல் வரை நடந்தேன்.

பெண் பிறந்தது என்று எழுதியிருக்கிறாய். யார் பெயர் என்று எழுதவில்லை. உன் கடிதத்தை நான் நான்கு தடவை படித்தேன், கூனூக் ஒரு தடவை படித்தாள். படித்ததும் மடித்துக் கொடுத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். வாய் ஓயாதவள் அவள்.

பெயரை மறைக்கிறாய் என்றால் அந்தப் பெயர் காலியாகிவிட்டது, அதை என்னிடம் சொல்ல உனக்கு மனமில்லை. யார் செத்தது? மௌயாக்கின் அம்மாவா? கிழவர் அக்லாக்கா? முகாமில் ஒவ்வொரு வீடாக மனதிலேயே போய்க் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லோரும் இருக்கிறார்கள், எல்லோரும் டீ குடிக்கிறார்கள், யாரும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சொல்லிவிடு. நோயாளியிடம் துக்கம் சொல்லக் கூடாது என்று பாதிரியார் சொல்லியிருந்தால் அவரிடம் என் தையலைப் பற்றிச் சொல். இதைத் தாங்கியவள் அதையும் தாங்குவாள்.

ஒரு வேடிக்கை கேள். வெட்டிய அன்று தண்ணீர் கொடுக்கவே மாட்டேன் என்றார்கள். தொண்டை வெந்துபோயிருந்தது. பாதி மயக்கத்தில் நான் நடந்துகொண்டிருந்தேன், காலடியில் பனி சத்தமே போடவில்லை. நம் வீடு தெரிந்தது. உள்ளே விளக்கு எரிந்ததால் பனிச்சுவர் மஞ்சளாக இருந்தது. நீ இல்லை. மௌயாக் விளக்கைப் பார்த்துப் படுத்திருந்தாள். தண்ணீர் கேட்டேன். என் நீலக் கோப்பையில் முகந்து கொடுத்தாள். அதில் பிடி இல்லை, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன். அவ்வளவு குளிர்ச்சி. கண் விழித்தபோது தாகம் போயிருந்தது. மற்றவர்கள் தண்ணீருக்கு அழுவார்கள், நீ ஏன் கேட்கவே இல்லை என்று நர்ஸ் ஆச்சரியப்பட்டாள்.

கோப்பையின் பிடி எப்போது உடைந்தது? உண்மையைச் சொல்.

உன் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்குகிறேன்.
இவாலு


சிவப்புப் பாறை முகாம்
1957 ஏப்ரல் 28

அண்ணிக்கு மௌயாக் கை குலுக்கி எழுதுவது. நீங்கள் இருக்கிறீர்கள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. அழுதுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது.

யாரும் சாகவில்லை அண்ணி. குழந்தையின் பெயர் இவாலு.

பிப்ரவரியில் ஒரு நாள் மதியம் நான் கண்ணயர்ந்துவிட்டேன். நீங்கள் வந்தீர்கள். உங்கள் தலைமூடியில் பனி இருந்தது, விளக்குப் பக்கம் வந்தும் அது உருகவில்லை. தண்ணீர் கேட்டீர்கள். நான் பிடி உடைந்த கோப்பையில் கொடுத்தேன். குடித்துவிட்டு என் வயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள்.

சீல் வேட்டையிலிருந்து வந்தவரிடம் சொன்னேன். அவர் ஈட்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை. "தண்ணி கேட்டாளா?" என்றார். "கேட்டாங்க" என்றேன். "குடிச்சாளா?" "குடிச்சாங்க." அவ்வளவுதான், வெளியே போய் நாய்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டு வருகிறவர்கள் யார் என்று நம் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். குழந்தை பிறந்ததும் கிழவர் அக்லாக் அதன் காதில் உங்கள் பெயரைச் சொன்னார். அது அழுகையை நிறுத்திவிட்டது.

அதற்குப் பிறகுதான் உங்கள் ஜனவரிக் கடிதம் வந்தது. ஆறாம் தேதி வெட்டப் போகிறார்கள் என்று இருந்தது. அவர் பாதிரியார் கொடுத்த நாள்காட்டியில் தினமும் கோடு போடுகிறவர். எண்ணிப் பார்த்தார். நான் கனவு கண்டதும் அதே நாள். இனி சந்தேகமே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனாலும் உங்களுக்கு நான்கு வரி எழுதினார். "செத்தவங்களுக்கு யாராவது லெட்டர் போடுவாங்களா?" என்றேன். "பனிய ஒரு குத்து குத்திப் பாக்குறேன்" என்றார்.

நேற்று உங்கள் பதில் வந்தது. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. "உசுரோட இருக்கிறவ பேர எடுத்துட்டேனே. பேர் இங்க வந்துடுச்சு. இனி அவ அங்க எதைப் பிடிச்சுக்கிட்டு இருப்பா?" என்கிறார். இதற்கு நடுவில் குழந்தைக்கும் ஒரு வாரமாக இருமல். ஒரு பெயருக்கு இரண்டு உடம்பு, அதுதான் இரண்டையும் இழுக்கிறது, பெயரை மாற்று என்கிறார் அக்லாக். மாற்றினால் குழந்தையிடமிருந்து பெயரைத் தட்டிப் பறித்ததாகும், மாற்றாவிட்டால் நீங்கள் வர மாட்டீர்கள் என்று இவருக்குப் பயம். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கிறார்.

அண்ணி, நான் கண்டது பொய்யில்லை. நீங்கள் இருப்பதும் பொய்யில்லை. நான் என்ன செய்ய?

உங்கள் இரண்டு கையையும் பிடித்துக் கேட்கிறேன்.
மௌயாக்


ஆஸ்பத்திரி
1957 மே 20

தம்பி நுடாராக்குக்கு, செத்துப்போகாத அக்கா அழுத்திக் கை குலுக்கி எழுதுவது.

மௌயாக் எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே. திட்டினால் மறுபடியும் கனவில் வருவேன், தண்ணீரோடு விட மாட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். கடிதத்தைப் படித்ததும் நானும் பயந்தேன். என் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அது இருக்கிறதா என்று. இரண்டு நாள் இங்கே எல்லாம் தூரத்தில் நடப்பது போல இருந்தது. நர்ஸ் என்னைக் கூப்பிட்டபோது, கூப்பிடுவது என்னையா, அங்கே உன் வீட்டில் கிடக்கிற குட்டியையா என்று திரும்பிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் நர்ஸைப் பிடித்துக்கொண்டேன். "என் நெஞ்சுலேருந்து எடுத்தத எங்க வச்சிருக்கீங்க?" கூனூக் அதைச் சொல்லவே கூச்சப்பட்டாள். "உனக்கு எதுக்காம்?" என்றாள். "என்னோடதுதானே, கேக்கக் கூடாதா?" நர்ஸ் போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். "எரிச்சுட்டாங்களாம்" என்றாள் கூனூக்.

"அப்போ அது செத்துடுச்சு."

"ஆமா, செத்துடுச்சு."

"எந்தத் தேதி?"

"என்ன கேள்வி இது? ஆறாம் தேதிதான்."

தம்பி, அப்போது எனக்கு நெஞ்சில் மிச்சம் இருப்பதெல்லாம் லேசாகிவிட்டது. நான் முழுசாக இல்லை. என்னில் ஒரு துண்டு பிப்ரவரி ஆறாம் தேதி காலையில் செத்துப்போனது. முப்பத்தைந்து வருஷம் என்னோடு மூச்சு விட்ட துண்டு. கடைசியில் அதற்குத் தாகம். அதற்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்? நேரே வீட்டுக்கு வந்து மௌயாக்கிடம் தண்ணீர் கேட்டது. இறந்ததுதான் கேட்டது. அவள் கண்ட கனவில் தப்பில்லை. அக்லாக் பெயர் வைத்ததில் தப்பில்லை. டாக்டரின் படத்திலும் தப்பில்லை, முட்டை அளவு ஓட்டை அங்கேதான் இருந்ததாம். எல்லோருக்கும் தெரிந்தது சரிதான், ஆளுக்கு ஒரு பக்கம் தெரிந்திருக்கிறது.

அதனால் பெயரை எடுக்காதே. போன துண்டின் பெயர் அவளுக்கு. இருக்கிற துண்டின் பெயர் எனக்கு. அவள் வைத்திருப்பது எனக்குக் குறையாது.

இருமலைப் பெயரிடம் மட்டும் விட்டுவிடாதே. உதடு நீலமாகிறதா பார். பால் குடிக்கும்போது விலா உள்ளே குழிகிறதா பார். குழிந்தால் யாரையும் கேட்காமல் நாய்வண்டி கட்டிக்கொண்டு கடைக்காரர் ஊரில் இருக்கும் நர்ஸிடம் போ. இங்கே எட்டு மாதம் இருமலையே கேட்டுக்கொண்டு கிடந்தவள் சொல்கிறேன்.

பனி உருகினால் கடல் திறக்கும் வரை விமானம் இறங்காது. இது அதற்குள் வந்து சேர வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். ஜூலையில் என் கடைசிப் படம்.

உன் கையையும் என் பெயருடையவளின் கையையும் சேர்த்துப் பிடிக்கிறேன்.
இவாலு


சிவப்புப் பாறை முகாம்
1957 ஜூலை 18

அக்கா, உன் கையை எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சுகம். மூவரும் என்று எழுத முடிகிறதே, அதுவே பெரிது.

பெயரை எப்போது மாற்றுகிறாய் என்று அக்லாக் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். பனி உருகட்டும் என்று தள்ளிப்போட்டேன். பனியில் இறங்கும் சறுக்குக்கட்டை விமானம் கடைசியாக வந்த அன்று உன் கடிதம் வந்தது. கோடைக் கூடாரத்தில் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்தேன். முடித்ததும் அக்லாக் புகைக்குழாயைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "செத்த ஒரு துண்டு தனியா நடந்து வந்ததா இந்த வயசுக்கு நான் கேள்விப்பட்டதில்ல. உள்ள இருக்கிறத வெட்டி எடுத்த பிறகும் ஒருத்தி லெட்டர் எழுதுவான்னும் கேள்விப்பட்டதில்ல. ரெண்டும் புதுசு. எந்திரிச்சுப் போய் டீ போடு." பெயர் இருக்கட்டும் என்று அவர் அப்படித்தான் சொன்னார்.

விலா குழிந்தது அக்கா. உன் கடிதம் வந்த மூன்றாம் நாள். நீ எழுதியிருக்காவிட்டால் நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன், நெற்றி சுடுகிறதா என்றுதான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். உருகத் தொடங்கிய பனியில் இரண்டு நாள் போனோம். அடிக்கு ஒரு குத்து. ஒரு இடத்தில் இரண்டாவது குத்தில் தண்ணீர் வந்தது. மௌயாக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நின்றாள், நான் சுற்றி வழி தேடினேன். நர்ஸ் ஊசி போட்டார். ஒன்பது நாள் அங்கேயே இருந்தோம். இருமல் போய்விட்டது. ஊசி என்கிறார் நர்ஸ். பெயர் என்கிறாள் மௌயாக். வெயில் வந்துவிட்டது, அதனால்தான் என்கிறார் கடைக்காரர். நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

மார்ச்சில் அந்த நான்கு வரியை எழுதியது நான்தான். அதற்கு வெட்கப்படுகிறேன். நீ இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்துகொண்டே உன் பெயரை உறையில் எழுதினேன்.

கோப்பையை உடைத்ததும் நான்தான். நீ போன மூன்றாம் நாள். அதில் டீ குடித்துக்கொண்டே, சொல்லாமல் போய்விட்டாயே என்று உன்னைத் திட்டினேன், பிடி கையோடு வந்துவிட்டது. அது உனக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

கப்பலில் இருக்கிறாயா? அதை மட்டும் சொல். கை குலுக்கக் கரையில் நிற்பேன்.
நுடாராக்


கப்பல் துறைமுகம்
1957 ஆகஸ்ட் 12

தம்பிக்கும் மௌயாக்குக்கும் என் பெயருடையவளுக்கும், புறங்கையில் குறி எதுவும் இல்லாத கையால் குலுக்கி எழுதுவது.

படம் சுத்தம். பெரிய காது டாக்டர் அதை என்னிடமே கொடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். விலா எலும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. இடது பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒன்றுமில்லாமல் இருந்தது. அந்த இடத்தில் இருந்தவள் எங்கே போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும் என்றேன். கூனூக் இந்தத் தடவை முழுவதையும் அவருக்குச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்கு எத்தன மாசமாம்?" என்று கேட்டார்.

கூனூக்கின் படம் சுத்தமாகவில்லை. என் கட்டிலை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள், அதிலிருந்துதான் மரம் நன்றாகத் தெரியும். அவளைப் பார்க்காமல்தான் படியிறங்கினேன்.

கப்பல் எல்லா ஊரிலும் நின்று நின்று வரும், மூன்று வாரம் ஆகும். தண்ணீரில் இறங்கும் கோடை விமானத்தில் இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும். அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் செத்துவிட்டேன் என்று அழுது முடித்தவர்கள் நம் முகாமில் நிறைய இருக்கிறார்கள். திடீரென்று என்னைப் பார்த்தால் கிழவிகள் கடலில் விழுவார்கள். முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவை.

கரையில் இறங்கியதும் யாரோடும் நின்று பேச மாட்டேன். நேரே உன் கூடாரத்துக்கு வந்து, வாசலில் குனிந்து, தண்ணீர் கேட்பேன். மௌயாக், பயப்படாதே. அந்த உடைந்த கோப்பையிலேயே கொடு. எனக்குத் தாகமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இவாலு